எங்களுக்கு ஒரு சனிக்கிழமை வேண்டும்: நாடக விழா நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் நாடக விழா நடத்தும் நண்பர்களுக்கும் சபா செயலாளர்களுக்கும்,

வணக்கம். நாங்கள் ஒன்பது பேர். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் செவ்வாய், வெள்ளி மாலைகளில் ஒத்திகை பார்க்கிறோம். ஒன்பதில் ஏழு பேர் மனநல மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள். நானும் அதில் ஒருத்தி. மீதி இருவரில் ஒருவர் மிருதங்கக்காரர். இன்னொருவர் எங்கள் நடிகர் ஒருவருடைய அண்ணன். தம்பியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக வந்தவர். இப்போது வில்லன் வேஷம் அவருக்குத்தான்.

மேடையே கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். அக்டோபர் 10 உலக மனநல நாள். செப்டம்பர் கடைசியில் போன் வர ஆரம்பித்துவிடும். கருத்தரங்கில் இரண்டு டாக்டர்களின் பேச்சுக்கு நடுவே இருபது நிமிடம் தருவார்கள். ஐம்பது நிமிட நாடகத்தை அதற்குள் அடக்க வேண்டும். “இவர்களும் நம்மைப் போல மனிதர்கள்தான்” என்று தொகுப்பாளர் அறிமுகம் செய்வார். முடிந்ததும் கைதட்டல், பொன்னாடை, ஒரு பிஸ்கட் பாக்கெட். பதினொன்றாம் தேதியிலிருந்து போன் ஓய்ந்துவிடும்.

அதனால் ஒரு நிஜமான நாடக விழாவுக்கு விண்ணப்பித்தோம். பெயர் வேண்டாம். பிரதியைப் படித்தார்கள், வீடியோ பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். அப்புறம், மேடையில் எதுவும் நடக்காது என்று ஏழு பேருக்கும் டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். மேடையில் எதுவும் நடக்காது என்றால் நாடகம் எதற்கு? குடித்துவிட்டு மேடையேறிய ராஜபார்ட்டுகளை எல்லாம் பார்த்த ஊர் இது. அவர்களிடம் யாரும் கடிதம் கேட்டதாகத் தெரியவில்லை. நாங்கள் கொடுக்கவில்லை. வாய்ப்பும் போயிற்று.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி, அவ்வளவுதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. அதன் 29ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வில் பங்கெடுக்கும் உரிமையைப் பேசுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை எங்களுக்குத் தருகிறது.

ஆனால் சட்டத்தைக் காட்டி உள்ளே வர எங்களுக்கு ஆசையில்லை. நாடகம் நன்றாக இருப்பதால் கூப்பிட வேண்டும். அதனால் அதைப் பற்றியே கொஞ்சம் சொல்கிறேன்.

காதில் குரல் கேட்பதை மேடையில் எப்படிக் காட்டுவது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஸ்பீக்கரில் எக்கோ வைத்துப் பார்த்தோம். பேய்ப்படம் மாதிரி இருந்தது. எங்களில் ஒருவர் அந்தக் குரலோடு பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவர். “என்னுடையது பயமுறுத்தாதுங்க, நக்கலடிக்கும். சட்டை மாட்டினா சட்டையைச் சொல்லும், சாப்பிட்டா சாப்பாட்டைச் சொல்லும்” என்றார். மிருதங்கக்காரர் சட்டென்று, “கட்டியங்காரன்!” என்றார். கூத்தில் ராஜாவையே கேலி செய்துகொண்டு கூடவே திரிகிறவன். அன்றைக்கே அந்த வேஷம் நாடகத்துக்குள் வந்துவிட்டது.

இன்னொரு காட்சியில் ஆஸ்பத்திரியிலிருந்து பெண் வீடு திரும்புகிறாள். அவள் கோபப்பட்டால், “மாத்திரை போட்டியா?” சிரித்தால், “மாத்திரை போட்டியா?” பக்கத்து வீட்டுக்காரர் கடனாக வாங்கிய இரண்டாயிரத்தை அவள் திருப்பிக் கேட்கிறாள். அவரும் கேட்கிறார், “மாத்திரை போட்டியாம்மா?” இந்த இடத்தில் எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்தால் வெடித்துச் சிரிப்பார்கள். டாக்டர்கள் கொஞ்சம் தாமதித்துச் சிரிப்பார்கள்.

எங்களைப் பற்றி இந்த ஊருக்குத் தெரிந்த படங்கள் இரண்டுதான். ஒன்று, ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொன்னாலே வருகிற சிரிப்பு. அதற்கு நாடகமும் சினிமாவும் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல. இன்னொன்று ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். கேலிக்கும் பரிதாபத்துக்கும் நடுவில் கடன் கேட்கிற ஒரு பெண்ணை நாங்கள் கொண்டுவந்து நிறுத்துகிறோம்.

இத்தாலியில் திரியெஸ்தே என்று ஒரு துறைமுக ஊர். அங்கே மனநல மருத்துவமனையில் அழுக்குத்துணி வண்டி இழுக்க மார்கோ என்று ஒரு குதிரை இருந்தது. வயதாகிவிட்டது, கசாப்புக்கு அனுப்பலாம் என்று முடிவானபோது, குதிரையே எழுதுகிற மாதிரி 1972இல் மாகாணத் தலைவருக்கு ஒரு கடிதம் போனது. அதுவும் ஒரு வகையில் திறந்த மடல்தான். குதிரை பிழைத்தது. மறு வருடம் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து காகிதக்கூழிலும் மரத்திலும் ஒரு பெரிய நீலக் குதிரை செய்தார்கள். ஊர்வலமாகக் கொண்டுபோகும்போது அது வாசலில் இடித்தது. குதிரையை யாரும் வெட்டிச் சிறிதாக்கவில்லை, வாசலைத்தான் உடைத்தார்கள். அந்த மருத்துவமனையின் இயக்குநர் பிராங்கோ பசாலியா. 1978இல் இத்தாலியில் மனநல மருத்துவமனைகளை மூடும் வழியைத் திறந்த சட்டத்தை இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். அதே ஊரில் 1992இல் கிளவுதியோ மிஸ்குலின் தொடங்கிய நாடகக் குழு, ‘பைத்தியத்தின் அகாடமி’ என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டது.

எங்களுக்காக நீங்கள் எதையும் உடைக்க வேண்டாம். தேவைகள் சின்னச் சின்னவை. எங்கள் அழைப்பு நேரம் காலையில் வேண்டாம். இராத்திரி மாத்திரையின் தூக்கம் கலைய பத்து மணியாகிவிடும். சிலருக்கு வாய் உலரும். அதனால் மேடையில் எப்போதும் ஒரு செம்பில் தண்ணீர் இருக்கும், பாத்திரங்கள் குடித்துக்கொண்டே பேசுவார்கள். என் கை நடுங்கும். எனக்குக் கிழவி வேஷம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். யாருக்காவது முடியாத நாளில் இன்னொருவர் ஏறிவிடுவார். எல்லோருக்கும் எல்லா வசனமும் பாடம். மற்ற குழுக்களுக்குக் கொடுக்கிற அதே சன்மானம் வேண்டும். தொகுப்பாளர் நாடகத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும். முடிந்த பிறகு நடக்கும் கலந்துரையாடலில் யாராவது “உங்களுக்கு என்ன வியாதி?” என்று கேட்டால், பதில் சொல்லாமல் எழுந்து போக எங்களை விட்டுவிடுங்கள்.

அக்டோபர் 10 வேண்டாம். ஒரு சாதாரண சனிக்கிழமை, டிக்கெட் போட்டு.

முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு நாள் ஒத்திகைக்கு வாருங்கள். மாலை நான்கு மணிக்கு ஆரம்பிப்போம். முகூர்த்த நாளில் மட்டும் கிடையாது, பந்தி போடுவார்கள். இரண்டாம் காட்சி இழுக்கிறது என்று எங்களுக்கே தெரியும். எங்கே வெட்டலாம் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை, கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்களாவது பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிழவி வேஷக்காரி