கீபோர்டை மாணவரிடமே விடுங்கள்: பிளஸ் டூ கணினி அறிவியல் ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

பைத்தான் நிரல்மொழி படிக்க ஆசையோடு லேப்புக்கு வரும் மாணவர், திரையில் சிவப்பு எழுத்தைக் கண்டதும் "சார், எர்ரர் வருது" என்கிறார். நீங்கள் கீபோர்டை வாங்கிப் பத்து நொடியில் சரிசெய்துவிடுகிறீர்கள். ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் ஏறிவிடுகிறது. அடுத்த வாரம் அதே எர்ரருக்கு மறுபடி "சார்!"

கீபோர்டைத் தொடாமல், எர்ரரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கீழிருந்து மேலாக. கடைசி வரியில் பிழையின் வகை இருக்கும், அதற்கு மேலே வரி எண்.

அந்த வரி எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. அடைப்புக்குறியை மூடாமல் விட்டால், பழைய பைத்தான் அடுத்த வரியைத்தான் குற்றம் சொல்லும். 2021இல் வந்த 3.10 பதிப்புதான் மூடாத குறியையே சுட்டிக்காட்டத் தொடங்கியது. விண்டோஸ் 7 ஓடும் லேப்பில் 3.8க்கு மேல் போக வழியில்லை. அங்கே 'மேல் வரியையும் பார்' என்று சொல்லித்தர வேண்டியது நீங்கள்தான்.

சிவப்பே வராத பிழை இதைவிட மோசம். இரண்டு எண்ணை இன்புட்டில் வாங்கிக் கூட்டும் நிரலில் 10, 5 கொடுத்தால் 105 வருகிறது. இன்புட் எதை வாங்கினாலும் ஸ்டிரிங்காகவே, அதாவது வெறும் எழுத்தாகவே தரும். கூட்டல் குறி இரண்டையும் ஒட்டிவைத்துவிட்டது. உடனே 'இன்ட் போடு, முழு எண்ணாக மாறிவிடும்' என்று சொல்லிவிடாதீர்கள். டைப் என்ன என்று பிரிண்ட் பண்ணிப் பார்க்கட்டும். இன்ட் போட்ட பிறகு 10.5 கொடுக்கச் சொல்லுங்கள். வேல்யூ எர்ரர் வரும். தசம எண்ணுக்கான ஃப்ளோட் எதற்கு என்று அவரே கேட்பார்.

பகடை விளையாட்டு எழுதும் பிள்ளை ஃபைலுக்கு 'ரேண்டம்' என்றே பெயர் வைத்துவிடும். தற்செயல் எண் தரும் ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் பண்ணினால் பைத்தான் அந்த ஃபைலையே எடுத்துக்கொள்ளும். எழுதிய வரிகளில் தப்பே இருக்காது, தேடித்தேடி அலுத்துப்போவார். ஃபைல் பெயரை மாற்றினால் போதும். இந்த ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். பிடிஎஃப்பிலிருந்து காப்பி பண்ணும்போது ஒட்டிக்கொண்டு வரும் வளைந்த மேற்கோள்குறியும் அதே ரகம்; பைத்தான் நேரான குறியைத்தான் ஏற்கும்.

மாதம் ஒரு பீரியட், ஓடும் நிரலில் நீங்களே மூன்று இடத்தைக் கெடுத்துக் கொடுங்கள்: ஒரு கோலன், ஓர் அடைப்புக்குறி, ஓர் இன்ட். ரெக்கார்டில் அவுட்புட்டோடு, வந்த எர்ரரின் கடைசி வரியையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பைத்தான் எழுதிப் பிழைக்கும் சிலர்