கல்லறையிலாவது ஒரே ஜெபம் சொல்வோம்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களின் பங்குத்தந்தையருக்கும், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்ற சீர்திருத்த சபை) ஆயர்களுக்கும், பெந்தெகொஸ்தே பாஸ்டர்களுக்கும்,

தோத்திரம். இயேசுவுக்கே புகழ்.

என் அம்மா பிறந்தது எலத்தகிரியில், கத்தோலிக்க வீட்டில். அப்பா சி.எஸ்.ஐ. தம்பி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். போன ஜனவரியில் அம்மாவை அடக்கம் செய்தோம். பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் சாமியார் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று தொடங்கினார். அப்பா வாயில் “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்றுதான் வந்தது. ஒரு பக்கம் “தூயது எனப் போற்றப்பெறுக”, மறுபக்கம் “பரிசுத்தப்படுவதாக”. பாதியிலேயே அப்பா நிறுத்திக்கொண்டார். தம்பியின் பாஸ்டர் மண் போடக்கூட உள்ளே வராமல் கேட்டருகே நின்றார். “உங்க எல்லாருக்கும் சாமி ஒண்ணுதானே, ஜெபம் ஏன் வேற வேற?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். உலகம் நம்பும்படி இவர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஆண்டவர் ஜெபித்தது (யோவான் 17:21) அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒற்றுமை என்றால் என்ன என்பதிலேயே நீங்கள் ஒத்துப்போகவில்லை என்பது தெரியும். பேதுருவின் வழிவந்த திருத்தந்தையோடு இணைவதே முழு ஒன்றிப்பு என்பார் சாமியார். ஆனால் முறையாக ஞானஸ்நானம் பெற்ற பிற சபையாரோடும் குறைவானதாயினும் ஓர் ஒன்றிப்பு உண்டு என்று 1964இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது. ஒரே சபையாகக் கூடுவதே வழி என்பது சி.எஸ்.ஐ.யின் அனுபவம். பல சீர்திருத்த சபைகள் ஒன்றாகச் சேர 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27இல்தான் சென்னையில் முடிந்தது. 28 வருஷம்! அப்போதும் லுத்தரன் சபையார் சேரவில்லை. மறுபடி பிறந்தவர்கள் ஆவியில் ஏற்கெனவே ஒன்றுதான், அமைப்பு எதற்கு என்பார் பாஸ்டர். சரி, அந்த ஒற்றுமை குழிமேட்டில் ஏன் தெரியவில்லை?

உபதேசத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. திருவிருந்து, ஆயர் பதவி, முழுக்கு எல்லாம் பெரிய விஷயங்கள், பொறுமையாகப் பேசுங்கள். ஆனால் வேதத்தையே கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வெளியிட்டோமே! அப்பாவின் கோவிலில் இன்றும் பழைய மொழிபெயர்ப்புதான். அவ்வளவு உழைப்பும் கத்தோலிக்கர் பக்கத்தோடு நின்றுவிட்டதில் எனக்கு வருத்தம்தான்.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம். அதற்கு முன் ஒரு நாள் கூடி உட்காருங்கள். அடக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்ல, ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை ஒரே வாசகமாக முடிவுசெய்யுங்கள். பழையதோ புதியதோ, எதுவானாலும் சம்மதம். அம்மாவின் முதல் வருஷ நினைவும் அந்த வாரத்தில்தான் வருகிறது. அச்சடித்த ஒரு தாள் கொடுத்தால் போதும், அப்பா கையில் நானே தருகிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு மகள்