பேய் வேஷத்தை வாய் திறக்காத பிள்ளைக்குக் கொடு

அன்புள்ள பாப்பா,

உன் ஜப்பான் பள்ளியில் ஹாலோவீன் பேய்விழாப் பாடத்தை இந்த வருடமும் உன் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். அவரிடம் சொன்னதை நீ என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றும் தெரியும். சொன்னால் அம்மா பாடத்திட்டமே எழுதி அனுப்பிவிடுவாள் என்ற பயம். எழுதித்தான் அனுப்புகிறேன், படி. இத்தனை காலம் தொடக்கப்பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவளை, ஓய்வு பெற்றுவிட்டாய், சும்மா இரு என்றால் நடக்கிற காரியமா?

போன வருடம் வகுப்பறையை இருட்டாக்கி, ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டி, உன்னைச் சூனியக்காரி வேஷத்தில் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அழுத அழுகையில் பாதிப் பாடம் போய்விட்டது என்றாய். பயந்தது போகட்டும், பயந்த பிள்ளை வாயைத் திறக்காதே! பேச வைக்கத்தானே உன்னை அங்கே வைத்திருக்கிறார்கள்? மூன்றாம், நான்காம் வகுப்புக்கு வருடம் முழுக்க 35 பாடவேளைதான் இங்கிலீஷ். அதில் ஒன்றை அழுகைக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகாது.

இந்த முறை நீ யாரையும் பயமுறுத்தாதே. அவர்கள் உன்னைப் பயமுறுத்தட்டும்.

அதற்கான சரக்குக்கு அவர்களிடம் பஞ்சமே இல்லை. ஜப்பானில் பேய்க்குச் சீசன் கோடைக்காலம் என்பது உனக்கே தெரியும். ஆகஸ்ட் நடுவில் ஓபோன், முன்னோர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள். இங்கே நம் புளோக்குக்குக் கீழே சீனர்கள் ஏழாம் மாதத்தில் மேடை போட்டு, முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்கென்று காலியாக விடுகிறார்களே, இரண்டுக்கும் பௌத்தத்தில் ஒரே வேர்தான். புழுக்கத்தில் பேய்க்கதை கேட்டால் முதுகு சில்லென்று ஆகும் என்பது அவர்கள் கணக்கு. ஹாலோவீனோ அங்கே கடைக்காரர்கள் கொண்டுவந்த விருந்தாளி. டோக்கியோவின் ஹராஜுகுவில் ஒரு பொம்மைக்கடை 1983-இல் ஊர்வலம் விட்டது, டோக்கியோ டிஸ்னிலாந்து 1997-இல் பிடித்துக்கொண்டது, பிறகு அதே ஊரின் ஷிபுயாவில் கூட்டம் தாங்காமல் 2023-இல் மேயரே தயவுசெய்து வராதீர்கள் என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. உன் பிள்ளைகளுக்கு ஹாலோவீன் பூசணிக்காய் விளக்கு வெறும் அலங்காரம். அவர்களுடைய பேய் பள்ளிக்கூடக் கழிப்பறையில் இருக்கிறது.

ஹனாகோவைத்தான் சொல்கிறேன். மூன்றாம் மாடி, பெண்கள் கழிப்பறை, மூன்றாவது கதவு. மூன்று முறை தட்டி, ஹனாகோ சான், இருக்கிறாயா என்று கேட்டால் உள்ளேயிருந்து பதில் வரும். உன் வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்? “ஆர் யூ தேர்?” “யெஸ், ஐ ஆம்.” மொத்தக் கதைக்கும் ஆறே வார்த்தை, அதிலும் ஒன்று கேள்வி, ஒன்று பதில். ஒரு அட்டைப்பெட்டியைக் கதவாக நிறுத்தி, பின்னால் ஒரு பிள்ளையை ஹனாகோவாக உட்கார வைத்துவிட்டு நீ போய்த் தட்டு. உள்ளே இருப்பவள் எப்போது பதில் சொல்லலாம் என்பதை அவளிடமே விட்டுவிடு. அந்த இடைவெளியில் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பதில் வந்ததும் நீ அலறியடித்துக்கொண்டு ஓட வேண்டும், கொஞ்சம் நன்றாகவே நடி.

ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு முகமில்லாத பேய் பொருந்தும். டோக்கியோவின் பழைய அகாசாகாவில் ஒரு மேட்டுத்தெரு. இரவில் அவசரமாக ஏறிப் போகும் வியாபாரி, அகழியோரம் குனிந்து அழும் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். ஆறுதல் சொல்லப் போனால், அவள் திரும்பிக் கையால் முகத்தைத் தடவுகிறாள். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. விழுந்தடித்து ஓடியவர் தூரத்தில் ஒரு சோபா நூடுல்ஸ்காரரின் விளக்கைப் பார்த்துப் போய் நிற்கிறார். நடந்ததைச் சொல்ல வாய் குழறுகிறது. அந்த ஆள், இப்படியா இருந்தது என்று தன் முகத்தைத் தடவிக் காட்டுகிறான். அதுவும் முட்டை மாதிரி வழவழ. விளக்கும் அணைந்துவிடுகிறது. உடல் உறுப்புப் பாடத்தை இதற்குள் வைத்துவிடலாமே! “நோ ஐஸ். நோ நோஸ். நோ மவுத்.” ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பலகையில் உள்ள முகத்தை நீ அழித்துக்கொண்டே வா. கடைசி வரியை, “லைக் திஸ்?” என்பதை, கடைசி வரிசைப் பிள்ளைகளுக்குக் கொடு.

இந்தக் கதையை இங்கிலீஷில் எழுதியவர் உன் ஊர்க்காரர், ஒரு வகையில் உன் வேலையில் உனக்கு மூத்தவர். எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் 1890 ஆகஸ்ட் கடைசியில் நீ இருக்கும் மட்சுயேவுக்கு இங்கிலீஷ் வாத்தியாராகத்தான் வந்தார். கோட்டை அகழியோரம் அவர் குடியிருந்த வீட்டைப் படம் எடுத்து அனுப்பினாயே, அதற்குப் பிறகுதான் நான் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். வளர்ந்தது டப்ளினில். ஹாலோவீன் பிறந்த நாடே அயர்லாந்துதான், பூசணிக்காய்க்கு முன்னால் அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். ஐந்து வயதில் இருட்டுக்குப் பயந்த அந்தப் பிள்ளையை, பயம் தெளியட்டும் என்று தனியறையில் போட்டுப் பூட்டி, விளக்கையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பயம் தெளியவில்லை. வயதான பிறகும் அதை மறக்காமல் எழுதியிருக்கிறார். கறுப்புத் தாள் ஒட்டச் சொல்லும் உன் சக ஆசிரியர்களிடம் இதைச் சொல்லிப் பார்.

ஆனால் எனக்கு அவரைவிட அவர் மனைவியைத்தான் பிடித்திருக்கிறது. கொய்சுமி செட்சு, மட்சுயே சாமுராய்க் குடும்பத்துப் பெண். அவருக்கு இங்கிலீஷ் வராது, கணவருக்கோ ஜப்பானிய மொழி அரைகுறை. இரண்டு பேருமாக உடைசல் ஜப்பானிய மொழி ஒன்றை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். இராத்திரியில் விளக்குத் திரியை இறக்கி வைத்துவிட்டு செட்சு கதை சொல்வார். புத்தகத்தைப் பார்த்துச் சொன்னால் ஹெர்ன் ஒப்புக்கொள்ள மாட்டாராம். உன் வார்த்தையில், உன் நினைப்பில் சொல் என்பாராம். அதற்காக முன்கூட்டியே படித்துப் படித்து அந்தக் கதைகள் தன் கனவிலேயே வர ஆரம்பித்துவிட்டன என்று செட்சு தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். காதில்லாத ஹோய்ச்சி என்ற குருட்டுப் பாடகனின் கதையை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், இருட்டிய பிறகும் ஹெர்ன் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த அறையிலிருந்து செட்சு மெதுவாக, ஹோய்ச்சி, ஹோய்ச்சி என்று கூப்பிட, உள்ளேயிருந்து, ஆமாம், நான் குருடன், நீங்கள் யார் என்று பதில் வந்ததாம். எனக்கு இதில் பேயைவிட அந்தத் தம்பதியின் குறும்புதான் பெரிதாகத் தெரிகிறது. 1904-இல் வந்த ஹெர்னின் பேய்க்கதைத் தொகுப்பு ‘குவைதான்’ இப்படி உடைசல் மொழியில் சொல்லப்பட்ட கதைகளிலிருந்து வந்த புத்தகம். உன் வகுப்பில் ஒரு பிள்ளை, “கோஸ்ட்... கம்... நைட்” என்றால் இலக்கணத்தைத் திருத்த அவசரப்படாதே. வெள்ளைக்காரர் ஒருவர் அப்படிப்பட்ட வாக்கியங்களைக் கேட்டே நடுங்கியிருக்கிறார்.

இனி மூன்றாம் வகுப்பு. போன வருடம் அழுத பையனுக்குத் தம்பி தங்கை யாராவது இந்த வருடம் அங்கே வந்து உட்கார்ந்திருக்கலாம். அவர்களுக்கு உன் ஊர்க் கதையே இருக்கிறது, ஹெர்ன் 1894-இல் எழுதிய மட்சுயேக் கதை. நாக்காபாராவில் மிஸு அமே விற்கும் ஒரு சின்னக் கடை. மால்ட்டில் காய்ச்சிய பழுப்புநிறப் பாகு, தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்குக் கொடுப்பது. ஒவ்வொரு இரவும் நேரம் கழித்து, வெளுத்துப்போன ஒரு பெண் வெள்ளை உடையில் வந்து ஒரு ரின் காசுக்குப் பாகு வாங்கிப் போகிறாள். உடம்புக்கு என்ன என்று கடைக்காரர் கேட்டுக் கேட்டுப் பார்க்கிறார், பதிலே இல்லை. ஒரு நாள் பின்தொடர்ந்து போகிறார், அவள் கல்லறைப் பக்கம் திரும்பியதும் பயந்து வந்துவிடுகிறார். மறுநாள் அவள் பாகு வாங்கவில்லை, வா என்று கையை அசைக்கிறாள். நண்பர்களோடு தாயோஜி கோயில் கல்லறைத் தோட்டம் வரைக்கும் போகிறார்கள். ஒரு கல்லறையருகே அவள் மறைய, மண்ணுக்கு அடியில் குழந்தை அழும் சத்தம். திறந்து பார்த்தால் அவளுடைய உடல், பக்கத்தில் உயிரோடு ஒரு குழந்தை, லாந்தர் வெளிச்சத்தைப் பார்த்துச் சிரிக்கிறது, அருகில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பாகு.

பேய் பேசாத கதை, கவனித்தாயா? எல்லா வகுப்பிலும் இங்கிலீஷ் என்றாலே வாயை இறுக்கிக்கொள்ளும் பிள்ளை ஒன்று இருக்கும். பேய் வேஷம் அதற்குத்தான். வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு வந்து, கையை நீட்டினால் போதும். மற்ற பிள்ளைகள் எல்லாரும் கடைக்காரர்கள். “ஹலோ! வாட் டூ யூ வான்ட்?” “ஆர் யூ சிக்?” “ஆர் யூ கோல்ட்?” என்று முறை வைத்துக் கேட்கட்டும். மூன்றாம் சுற்றில் அந்தப் பிள்ளையே பொறுக்க முடியாமல், “கேண்டி, ப்ளீஸ்” என்றாலும் சொல்லும். சொல்லாவிட்டாலும் கதை கெடாது. சிறியவர்களுக்குக் கல்லறையைத் திறக்க வேண்டாம், குழந்தைச் சத்தம் கேட்டது, குழந்தை கிடைத்தது என்று முடித்துக்கொள். அப்புறம், முக்கியமானது: அம்மா இல்லாத பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் முதலிலேயே தனியாகக் கேட்டுவிடு. இருந்தால் இந்தக் கதையே வேண்டாம், ஹனாகோவோடு நிறுத்து.

முகமூடிப் பெண் குச்சிசாக்கே ஒன்னாவைப் பற்றியும் யாராவது ஆரம்பிப்பார்கள். 1979-இல் அந்த வதந்தி நாடு முழுக்கப் பரவி, பிள்ளைகளைக் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிய பள்ளிகள்கூட உண்டு. “நான் அழகா?” என்று கேட்டு முகமூடியைக் கழற்றுவாள், வாய் காதுவரை கிழிந்திருக்கும். நீயாக எடுக்காதே. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சொன்னால் கேட்டுக்கொள். ஒன்று மட்டும் சுவாரஸ்யம்: அவளிடமிருந்து தப்பிக்கப் பிள்ளைகள் அவளுக்கு மிட்டாய் போட வேண்டும். அமெரிக்காவில் பேயாக வந்து மிட்டாய் வாங்குகிறார்கள், ஜப்பானில் பேய்க்கு மிட்டாய் கொடுக்கிறார்கள். உன் ஊர்ப் பாகுக்கதையிலும் அதேதான்.

உன் பள்ளியில் மிட்டாய் கொடுக்க விடமாட்டார்கள் என்றாய், அதுவும் நல்லதுதான், யாருக்கு என்ன அலர்ஜி என்று யார் கண்டது. ஸ்டிக்கர் வாங்கிக்கொள். வெள்ளை யுகாத்தா, அதாவது பருத்தி கிமோனோ, கட்டுவதாக இருந்தால் இடப்பக்கம் மேலே வரும்படி கட்டு. வலப்பக்கத்தை மேலே விட்டுக் கட்டுவது இறந்தவர்களுக்கு. பேய் வேஷம்தானே என்று நீ அப்படிக் கட்டிக்கொண்டு போய், வகுப்பாசிரியர் முகம் சுளித்தால் எனக்கு இங்கே தூக்கம் வராது.

நவம்பருக்கு ஹீட்டர் வாங்கிவிட்டாயா? அப்பா உன் அறைப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடுகிறார், காணோம் என்கிறார். பாடம் முடிந்த அன்று போன் செய். யார் பேயாக வந்தது, எந்தச் சுற்றில் வாயைத் திறந்தது என்று சொல்லு. அப்பாவிடம் இல்லை, என்னிடம்.

அன்புடன்,
அம்மா