நம் அளவுக்கு ஒரு பாட்டு: சேகர கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

பல சபைகள் சேர்ந்த நம் சேகரத்தின் அன்புள்ள தலைவர் ஐயா அவர்களுக்கும், சேகர கமிட்டியிலுள்ள அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் தோத்திரம்.

போன மாதக் கூட்டத்தில் புதுக் கீபோர்டும் இரண்டு பெரிய ஸ்பீக்கரும் வாங்குவதைப் பற்றிப் பேசினீர்கள். பண்டிகைக் காணிக்கையிலிருந்து அதற்குப் பணம் ஒதுக்கலாம் என்ற அளவில் கூட்டம் கலைந்தது. இனிமேல் நம் ஆலயப் பாடகர் குழுவாகிய கொயர், முன்பே பதிவு செய்த ‘டிராக்’ போட்டுப் பாடிவிட்டால் ஆள் குறைந்தாலும் வெளியே தெரியாது என்று ஒரு சகோதரர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு மூன்று நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அன்றைக்கு எழுந்து பேச நேரம் வாய்க்கவில்லை. அதனால் சபையார் எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, வருஷத்துக்கு ஒரு புதுப் பாட்டை நம் கொயருக்கென்றே எழுதி வாங்குங்கள். நம்மிடம் இருக்கிற குரல்களுக்கு, நம் தமிழில்.

நம்மிடம் இருக்கிற குரல்கள் எவை என்று கமிட்டியில் பலருக்கும் தெரியாது. உங்கள் கண்ணில் படுவது கிறிஸ்துமஸ் கொயர். டிசம்பர் 20 தாண்டிவிட்டால் சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர் என்று போன பிள்ளைகள் லீவில் வந்துவிடுவார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் நிற்க இடம் காணாது. இருபத்தாறு பேர் வரை நின்றிருக்கிறோம். அதே கொயரை ஆடி மாதம் வந்து பாருங்கள். தேரிக் காற்று செம்மண்ணை வாரி ஜன்னல் வழியாக இறைத்துக்கொண்டிருக்கும். உள்ளே பதினொரு பேர். பெண்களின் மேல்குரலான சோப்ரானோ ஐந்து, அதில் மூன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள். பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ என்னையும் சேர்த்து மூன்று. ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் இரண்டு, அதில் ஒருவருக்கு உண்மையில் நடுக்குரல்தான். ஆண்களின் மேல்குரலான டெனர் ஒரே ஒருவர். நைட் ஷிஃப்ட் விழுந்தால் அவரும் இல்லை.

இந்தப் பதினொரு பேர் கையில் நாம் கொடுப்பது, பெரிய கதீட்ரல்களில் ஐம்பது அறுபது பேர் நின்று பாட எழுதப்பட்ட நாலு குரல் பாட்டு. டெனர் வரி காலியாகக் கிடக்க, மற்ற மூன்று குரலும் பாடி முடிக்கிறோம். கேட்கிறவர்களுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரியும். பாடினவர்கள் தங்களுக்குத்தான் பாட வரவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அடுத்தவனுக்குத் தைத்த சட்டையைப் போட்டுவிட்டு, பிள்ளை ஒல்லி என்று பிள்ளையைக் குறை சொல்கிறோம்.

இன்னொரு காரியமும் உண்டு. போன லெந்து என்ற தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு மொழிபெயர்ப்புப் பாட்டைப் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். ‘கரம்’ என்ற சொல்லின் முதல் எழுத்து, மூன்று தட்டு நீள்கிற சுரத்தில் விழுந்திருந்தது. மெட்டு அப்படி. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பாடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “அத்தை, நம்ம காரம்னுல்லா பாடுதோம்?” என்று கேட்டாள். அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குறிலை நீட்டினால் தமிழில் சொல்லே மாறிப்போகிறது. மனம் மானமாகிறது, வரம் வாரமாகிறது. ஆண்டவருக்கு முன்பாக நாம் என்ன சொல்கிறோம் என்பதையே மெட்டு தீர்மானித்துவிடுகிறது.

தாளத்திலும் இதே கதைதான். ஆங்கிலப் பாட்டுகளில் பல, அழுத்தமில்லாத தட்டில் தொடங்கி, அடுத்த தட்டில் அழுத்தும். அந்த மொழியின் நடை அப்படி. தமிழ்ச் சொல்லுக்கு எடை பெரும்பாலும் முதல் எழுத்தில். அந்த மெட்டில் நம் சொல்லை உட்கார வைத்தால் முதல் எழுத்து நழுவி, இரண்டாவது எழுத்தில் அடி விழுகிறது. மொழிபெயர்த்த பெரியவர்களை நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன். அவர்கள் தந்த பாமாலைப் பாட்டுகள் என் உயிரோடு கலந்தவை. என் அம்மாவை அடக்கம் பண்ணின அன்று என்னைத் தாங்கி நிறுத்தினது அவைதான். அவற்றை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் தமிழாகவே பிறந்த ஒரு பாட்டும் இருக்கட்டும் என்கிறேன்.

இந்தத் திருநெல்வேலிச் சீமைக்கு அது புதிதா? வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். தஞ்சாவூருக்குப் போய்ப் பெரிய பேர் எடுத்தாலும் பிறந்த மண் இதுதான். எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனெரி 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, சாஸ்திரியாரின் பாட்டுகள் அதில் நிறைய இடம் பிடித்தன. ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடிய கிருஷ்ண பிள்ளை கரையிருப்பில் பிறந்தவர். ‘கருணாமிர்த சாகரம்’ என்ற மாபெரும் இசை நூலை 1917-இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், தென்காசி பக்கத்துச் சாம்பவர்வடகரைக்காரர். அவரும் கீர்த்தனைகள் எழுதியிருக்கிறார். இன்று நாம் ‘பழைய பாட்டு’ என்று சொல்கிறவை எல்லாம், முதல் தடவை பாடின அன்று யாரோ ஒரு சபைக்குப் புதுப் பாட்டுதான்.

ஆனால் கீர்த்தனை ஒரே குரலில் போகிற பாட்டு. நம் கொயர் அலமாரியைத் திறந்து பார்த்தால் ஒரு பக்கம் கீர்த்தனை, தமிழ் மெட்டு, ஒரே குரல். மறுபக்கம் நாலு குரல், எல்லாம் வெளியூர் மெட்டு. நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த நடுவைத்தான் கேட்கிறேன். சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் நிறைந்த ராகத்தில் பல குரலை அடுக்கினால் ஒன்றோடொன்று மோதும் என்பது உண்மை. எல்லா ராகமும் அப்படியில்லையே. மோகன ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே சுரம், பக்கத்துப் பக்கத்தில் அரைச்சுரம் கிடையாது. ஒரு கூட்டம் ஒரு வரியைத் தொடங்கி, இன்னொரு கூட்டம் இரண்டு தட்டு தள்ளி அதே வரியைப் பிடித்தாலும் காதை உறுத்தாது. சின்னப் பிள்ளைகளும் அதைப் பாடிவிடுவார்கள். சங்கராபரண ராகத்தின் சுரங்கள் நாம் பாடுகிற மேல்நாட்டு மேஜர் ஸ்கேலின் சுரங்கள்தான், அங்கே மூன்று குரல் தாராளமாக நிற்கும்.

அப்புறம் வில்லுப்பாட்டு. நம் பனங்காட்டு ஊர்களில் வில்லு கேட்காமல் வளர்ந்தவர் யார்? முன்னால் ஒருவர் பாட, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுகிற அந்த அமைப்பு, பதினொரு பேர் கொயருக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறது. ஒரு நல்ல குரல் வேதத்திலுள்ள சங்கீத வசனத்தை எடுத்துப் பாடட்டும். மற்ற பத்துப் பேரும் மூன்று குரலில் பதில் சொல்லட்டும். டெனர் வரவில்லையே என்று யாரும் வாசலைப் பார்க்க வேண்டாம்.

டிசம்பரில் ஒன்பது வேதபாடங்களை வாசித்து, நடுநடுவே கேரல் என்ற கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பாடி நாம் நடத்துகிற ஆராதனையை நினைத்துப் பாருங்கள். அந்த முறை உலகமெங்கும் பரவக் காரணமாயிருந்தது கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயம். அங்கே அது 1918-இல் தொடங்கியது. 1983 முதல் அந்த ஆராதனைக்கென்று வருஷத்துக்கு ஒரு புதுக் கேரலை எழுதி வாங்குவது அவர்கள் வழக்கம். நூற்றாண்டுக் கணக்கில் பாட்டுச் சொத்து குவிந்து கிடக்கிற இடம் அது. அவர்களுக்கே இருப்பது போதவில்லை. வாசிக்க வேண்டிய பாடங்களின் வரிசையை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்ட நாம், அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டோம்.

எழுதுகிறவரிடம் என்ன சொல்லிக் கேட்பது என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். மூன்று குரல் போதும், சோப்ரானோ, ஆல்டோ, ஆண்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. அந்த ஆண் குரல் ரொம்பக் கீழேயும் போகாமல், ரொம்ப மேலேயும் ஏறாமல் நடுவிலே நடக்க வேண்டும். பல்லவி சபையாருக்கு, சரணம் கொயருக்கு. அப்படி இருந்தால், புதுப் பாட்டு என்றால் சபை வாயை மூடிக்கொண்டு நிற்கும் என்ற பயம் வேண்டாம். இரண்டு ஞாயிறு பல்லவியை மட்டும் சொல்லிக்கொடுத்தால் மூன்றாவது ஞாயிறு சபையே நம்மை இழுத்துக்கொண்டு போகும். கரண்ட் போனாலும் பாட முடிகிற பாட்டாக இருக்க வேண்டும்.

ஒரு முக்கியமான வேண்டுதல், பாட்டு சோல்ஃபாவில், அதாவது டோ, ரே, மீ என்று சுரங்களை எழுத்தாலேயே குறிக்கிற முறையில், தமிழ் எழுத்திலேயே வர வேண்டும். என் அப்பா ஊரில் எல்லாருக்கும் சார்வாள். அவர் எழுதின சோல்ஃபா நோட்டு என்னிடம் இருக்கிறது. கட்டம் போட்ட கணக்கு நோட்டு. தட்டுக்குத் தட்டு இரண்டு புள்ளி, அரைத்தட்டுக்கு ஒரு புள்ளி, நீட்டுகிற இடத்தில் சின்னக் கோடு. அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. இங்கிலாந்தில் சாரா குளோவர் அம்மையார் கண்டுபிடித்து ஜான் கர்வென் செம்மைப்படுத்திய முறை அது. மேல்நாட்டு முறையில் ஐந்து கோடு போட்டு இசையை அச்சடிக்க வசதியில்லாத இடத்திலும் சாதாரண எழுத்திலேயே பாட்டை எழுதிவிடலாம். நம் ஊர்களில் அது வேர் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆதார சுருதி எங்கே இருந்தாலும் ‘டோ’ அங்கேயே வரும், நம் ‘ச’ வருகிற மாதிரி. இப்போது என் கொயரில் சோல்ஃபா வாசிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர். மற்றவர்கள் கேட்டுக் கேட்டுப் பாடம் பண்ணுகிறார்கள். டிராக் வந்துவிட்டால் அந்த நாலும் இரண்டாகும்.

பணத்தைப் பற்றிக் கவலைப்படுவீர்கள். கீபோர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் பேசின தொகையில் பத்தில் ஒரு பங்கு போதும். தசமபாகம் எடுத்து வைப்பது நமக்குத் தெரியாத காரியமா? யார் எழுதுவார்கள் என்று கேட்டால், இசை படித்த நம் சபைப் பிள்ளைகளே இந்தச் சீமையில் இருக்கிறார்கள். வெளியே கச்சேரிக்கு வாசித்து, ஸ்டூடியோவில் வேலை செய்து பிழைக்கிறார்கள். அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஓசியில் மட்டும் கேட்கக் கூடாது, ஊழியம்தானே என்று சொல்லிக் கூலியைக் குறைக்கவும் கூடாது. பாட்டின் உரிமை, எழுதினவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் அவர் குடும்பத்துக்கு உண்டு. ஆகவே முதலிலேயே ஒரு தாளில், பக்கத்துச் சேகரங்களும் ஆராதனையில் இதை இலவசமாகப் பாடலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நம்மைப் போலப் பதினொரு பேர் நிற்கிற கொயர்கள் எத்தனையோ உண்டு.

“அவருக்குப் புதுப்பாட்டைப் பாடுங்கள்” என்று 33-ஆம் சங்கீதத்தில் வாசிக்கிறோம். அதே வசனத்தில் ‘நேர்த்தியாய்’ என்ற சொல்லும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் இருக்கிறது, ஐயா.

அடுத்த கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கும்படி கேட்கிறேன். அப்பாவின் நோட்டையும் கொண்டுவருகிறேன். அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கமிட்டியார் யாராவது பயிற்சிக்கு வாருங்கள். ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுவோம். கீபோர்டை அணைத்துவிட்டுப் பாடச் சொல்கிறேன். ஆண்கள் வரிசைக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் உட்காருங்கள், டெனர் இல்லாத இடம் அங்கேதான் தெளிவாகக் கேட்கும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி,
கொயர் பொறுப்பாளர்
திசையன்விளை வட்டாரம்