பஸ்ஸில் ஏறாதவர்களையும் எண்ணுங்கள்: மட்டக்களப்புக்கு வரும் போக்குவரத்து ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆய்வாளர்களே,

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறவர்கள், மொறட்டுவையிலிருந்து வருகிறவர்கள், உதவித் திட்டங்களுக்கு அறிக்கை எழுதுகிறவர்கள் என்று எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் படுவான்கரையில் குடியிருந்து மட்டக்களப்பு நகரில் வேலை பார்ப்பவள். உங்கள் துறையைப் படித்தவள் அல்ல. ஆனாலும் பொதுப் போக்குவரத்தைப் பற்றி எவர் எழுதியது கிடைத்தாலும் வாசித்துவிடுவேன். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் வேறென்ன செய்ய?

நான் கண்ட கணிப்புகள் எல்லாம் ஒரே மாதிரித்தான். காலையில் பஸ் நிலையத்துக்கு வருவீர்கள். ஏறப்போகிறவரைப் பிடித்து, ‘சேவை எப்படி? மிக நன்று, நன்று, பரவாயில்லை, மோசம்’ என்று கேட்டுப் புள்ளடி போட்டுக்கொண்டு போவீர்கள். அவரும் பஸ் போய்விடுமே என்ற பதற்றத்தில் ‘பரவாயில்லை’ என்பார். அறிக்கையில் அது ‘பெரும்பான்மையோர் திருப்தி’ என்று வரும். பஸ் கிடைத்தவரிடம் மட்டும் கேட்டால் வேறு எப்படி வரும்? திரும்பி வர வழியில்லை என்று நகரத்து வேலையை வேண்டாமென்ற பெண், மாலை ரியூசனை நிறுத்திய பிள்ளை, கிளினிக் திகதியைத் தவறவிட்ட அம்மம்மா ஆகியோர் அந்த நிலையத்துக்கு வருவதே இல்லை. அவர்களைத் தேடி நீங்கள்தான் போகவேண்டும். வீடுவீடாகப் போய் ‘நேற்று எங்கே போனீர்கள், எதில் போனீர்கள், எங்கே போக நினைத்துப் போகாமல் விட்டீர்கள்’ என்று கேட்கவேண்டும். கொழும்பில் ஜப்பானிய உதவியோடு 2012 தொடங்கி நடந்த பெரிய போக்குவரத்து ஆய்வில் வீடுகளுக்குப் போய்த்தான் கேட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே சின்ன அளவிலாவது முடியாதா?

எங்கள் மாவட்டத்தின் அமைப்பு தெரியாமல் கேள்விக்கொத்தை எழுதாதீர்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை. கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய நிலம், ஊரோடு ஊர் ஒட்டியிருக்கும். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று நகரிலிருந்து கல்முனை வரை சுமார் 40 கிலோமீற்றருக்கு ஒரே வீதி. பஸ்ஸுக்கு இதைவிட நல்ல தரை கிடைக்காது. மேற்கே படுவான்கரை. வயலும் குளமும் நடுவே சிதறிய ஊர்களுமாகக் கிடக்கும். அங்கிருந்து நகருக்கு வர வலையிறவுப் பாலம் இருக்கிறது, 2014இல் திறந்த மண்முனைப் பாலமும் இருக்கிறது. மண்முனையில் முன்பெல்லாம் ‘பாதை’ என்கிற மிதவைப் படகுதான். மோட்டார் சைக்கிளை உருட்டி ஏற்றி, மூட்டையோடும் பிள்ளையோடும் நின்றபடி வாவியைக் கடப்போம். பாலம் வந்த பிறகு மோட்டார் சைக்கிள் உள்ளவர் சில நிமிடத்தில் கடந்துவிடுகிறார். இல்லாதவருக்கு எவ்வளவு நேரம் மிச்சமானது என்று யாராவது அளந்து பாருங்கள். நல்ல ஆய்வுத் தலைப்பு, இலவசமாகத் தருகிறேன்.

எழுவான்கரையிலும் குறையில்லாமல் இல்லை. ‘இவ்வீதியில் நாளொன்றுக்கு இத்தனை சேவைகள்’ என்று ஓர் அட்டவணை போடுவீர்களே, அதை வைத்து என்ன தெரியும்? மணிக்கு நாலு பஸ் என்று வையுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்றாக வந்தால், சும்மா வந்து நிற்கிறவர் சராசரியாக ஏழரை நிமிடம் நிற்பார். அதே நாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒருமுறை வந்தால் பதினைந்து நிமிடம் நிற்பார். பஸ்ஸும் டீசலும் ஒன்றுதான், காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்கு. உங்கள் அட்டவணையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் நிற்கும்.

பஸ்கள் ஏன் சோடி சேருகின்றன என்பதை நியூவெல், பொட்ஸ் என்ற இருவர் 1964இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். கொஞ்சம் பிந்திய பஸ்ஸுக்குத் தரிப்பிடத்தில் கூட்டம் கூடியிருக்கும், ஏற்ற ஏற்ற இன்னும் பிந்தும். பின்னால் வருவதற்கு ஆள் குறைவு, அது வந்து முட்டிக்கொள்ளும். இது எந்த நாட்டிலும் உள்ள சங்கதி. எங்கள் வீதியில் இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. தனியார் பஸ்ஸின் அன்றைய வருமானம் அன்றைய ரிக்கெற் காசுதான். நடத்துநர் மிதிபலகையில் நின்று முன்னால் வரும் ஆளைப் பார்ப்பதைவிடப் பின்னால் வரும் பஸ்ஸைத்தான் அதிகம் பார்ப்பார். பின் பஸ் தெரியாதவரை வண்டி நடை நடக்கும், தரிப்பிடத்துக்குத் தரிப்பிடம் நிற்கும். தூரத்தில் அதன் முகப்புத் தெரிந்ததும் வெளிச் சட்டத்தில் இரண்டு தட்டு. அப்புறம் களுவாஞ்சிகுடி வரை பறப்புத்தான், இறங்கவேண்டிய கிழவி கத்தினாலும் அடுத்த தரிப்பிடத்தில்தான் நிற்கும். சாரதியையும் நடத்துநரையும் திட்டுவதில் பயனில்லை. அன்றைய வசூலில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. பஸ் ஓடிய தூரத்துக்குப் பணம், ரிக்கெற் காசு பொது நிதிக்கு என்ற முறை பல நாடுகளில் உண்டு. எங்கள் வீதிக்கு அது என்ன செலவாகும் என்று ஒரு கணக்குப் போட்டுத் தாருங்கள்.

படுவான்கரையில் நடப்பது வேறு. 1972இல் ஹேர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் ஒன்று சொன்னார். பயணிகள் கூடினால் சேவை கூடும், சேவை கூடினால் எல்லோருக்கும் காத்திருப்புக் குறையும் என்று. எங்கள் பக்கம் அதே சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிறது. பஸ் எப்போதாவதுதான் வரும் என்பதால் கடன்பட்டாவது மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள். அதனால் பஸ்ஸில் ஆள் குறைகிறது. ஆள் இல்லை என்று ஒரு ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். மிச்சமிருந்தவரும் லீசிங்குக்குப் போகிறார். கடைசியில் பஸ்ஸில் மிஞ்சுவது மோட்டார் சைக்கிள் ஓடாத பெண்கள், முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள். ‘இந்தப் பாதையில் தேவை இல்லை’ என்று எழுத முன்னர், தேவை எங்கே போய் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். 2022இல் பெற்றோல் இல்லாமல் கியூ.ஆர். கோட்டோடு வரிசையில் நின்றோமே, அந்த மாதங்களில் யார் பஸ்ஸுக்குத் திரும்பினார்கள், யார் சைக்கிளை மிதித்தார்கள், யார் வீட்டோடு இருந்துவிட்டார்கள் என்று கேளுங்கள். மக்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஆய்வுகளில் ‘பயணத்தின் நோக்கம்’ என்று ஒரு கேள்வி வரும்: வேலை, கல்வி, கடை, ஏனையவை. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மாமியைப் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், மருந்து எடுத்து, சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறவள் எதில் புள்ளடி போடுவாள்? ‘ஏனையவை’யில். ஸ்பானிய ஆய்வாளர் இனெஸ் சான்செஸ் தே மதரியாகா இவற்றையெல்லாம் பராமரிப்புப் பயணம் என்று ஒன்றாகச் சேர்த்து எண்ணிப் பார்த்தார். எண்ணினால்தான் அது வேலைப் பயணத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று தெரியும். எங்கள் நாட்டில் இதற்குக் காசுக் கணக்கும் உண்டு. பஸ் மாறினால் ரிக்கெற்றும் புதிது, குறைந்தபட்சக் கட்டணமும் மறுபடி. மூன்று இடத்தில் இறங்கி ஏறுகிறவள், அதே தூரத்தை ஒரே பஸ்ஸில் போகிறவரைவிடக் கூடக் கொடுக்கிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் இலங்கை முழுக்க நடத்திய ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 வீதம். அவர்களில் பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 வீதம். அப்படியிருக்க, நெரிசலில் நிற்கும் பெண்ணிடம், நடத்துநர் காதுபட, ஆண் மாணவர் ஒருவரை விட்டு ‘பாதுகாப்பு எப்படி’ என்று கேட்டால் என்ன பதில் வரும்? பெண்களைப் பெண்கள் கேட்கட்டும், வீட்டில் வைத்துக் கேட்கட்டும்.

காலமும் நேரமும் பார்த்து வாருங்கள். கோடையில் வந்து எண்ணிவிட்டு ஆண்டு முழுவதற்கும் எழுதாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது வயல் வீதிகள் தண்ணீருக்குள் போய்விடும். வெட்டுக் காலத்தில் வயல் வேலைக்குப் போகிறவர்களின் ஓட்டம் தனி. கொக்கட்டிச்சோலைத் தேருக்கு மேலதிக பஸ் ஓடுகிற நாளில் வந்து எண்ணிவிட்டு, படுவான்கரைக்குப் போக்குவரத்துத் தாராளம் என்று எழுதிவிடவும் வேண்டாம். கல்முனை வீதியில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும். வெள்ளிக்கிழமை நண்பகலும் நோன்பு மாதத்து மாலையும் காத்தான்குடியில் வேறொரு நாள் போலிருக்கும். அதற்கும் ஒரு நிரல் வையுங்கள்.

தரவு கிடைப்பது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் மாகாண அதிகார சபையின் பொறுப்பு. மாகாணம் தாண்டுவது 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கையில். அரச பஸ்ஸான சி.ரி.பி. தனி. ஒரே வீதிக்கு மூன்று லாச்சி. ஆனால் நைரோபியில் இதைவிடக் குழப்பம். அங்கே மட்டாட்டு என்ற தனியார் வான்கள்தான் நகரத்தைச் சுமக்கின்றன, அவற்றுக்கு ஒழுங்கான வரைபடம்கூட இருக்கவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் கைத்தொலைபேசியோடு வானில் ஏறி, ஒவ்வொரு தரிப்பிடமாகப் பதிந்து, 2014இல் முழு நகரத்துக்கும் ஒரு வழிவரைபடம் வெளியிட்டார்கள். தரவையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்தார்கள். எங்கள் மாவட்டத்தில் உள்ள வழிகளுக்கு ஒரு தவணை மாணவர்கள் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இத்தனை பேர் எங்களிடம் கேட்டுப் போயிருக்கிறார்கள், ஒருவராவது திரும்பி வந்து ‘இதுதான் கண்டோம்’ என்று சொன்னதாக எங்கள் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. ஆங்கிலத்தில் எழுதிப் பட்டம் வாங்குங்கள், மகிழ்ச்சி. அதோடு தமிழில் இரண்டு பக்கம் எழுதி, பிரதேச செயலகத்திலும் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் பஸ் உரிமையாளர்களிடமும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். அடுத்த கணிப்புக்கு வரும்போது முதலில் வலையிறவுப் பக்கமாக வாருங்கள். நேரம் கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள், பஸ்ஸில்தானே வருவீர்கள்?

இப்படிக்கு,
படுவான்கரைப் பயணி ஒருத்தி