வார நாளில் ஒரு முறை போய்ப் பார்

ஹவ்காங், சிங்கப்பூர்
14 செப்டம்பர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு இப்போது பொங்கோலில் சொந்த வீடு வாங்கப்போகிறாய், அதுவும் பத்தாவது மாடி. தங்கச்சிக்குச் சமையலறை பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் பாதி வீடு வாங்கியாயிற்று. இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சின்னவன் தேசிய சேவைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது.

உன் கடிதத்தில் ஒரு வரி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்தோம், அமைதியான இடம்." இந்த வீட்டை நாங்களும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான் பார்த்தோம். சன்னலெல்லாம் சாத்தி ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. குடிவந்த முதல் திங்கட்கிழமை, காலை பத்து மணி இருக்கும், அம்மா சித்தியோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்திலுள்ள பாய லேபார் விமானப்படைத் தளத்திலிருந்து போர் விமானம் ஒன்று கிளம்பியது. அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசி நடுங்கின. அம்மா ரிசீவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தம் அடங்கி, "எங்கே விட்டேன்?" என்று அவர் கேட்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இன்றைக்கும் நாங்கள் பாதிப் பேச்சில் நிறுத்திக் காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறோம். வீட்டு முகவர் "பழகிப்போகும்" என்று சொல்லியிருந்தார். பேச்சுதான் பழகியது. சின்னவன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பகல்கூட நிம்மதியாகத் தூங்கியதில்லை.

தங்கச்சி இரவு ஷிப்டு பார்க்கும் தாதி. ராத்திரியில் விமானம் குறைவு என்று மற்றவர்கள் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம், அவருக்குப் பகல்தானே ராத்திரி? என் வீட்டில் நான் கேட்கிற சத்தத்தில் பெரும்பகுதி வார நாட்களின் பகலில் வருவதுதான். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் அமைதியையும் நம்பாதே. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். பாய லேபார் ஓடுபாதை ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, பெரும்பாலும் தெற்கு நோக்கிக் கிளம்பும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று, அப்போது வடக்கே, உங்கள் பக்கமாகத் திரும்பும். இறங்கும்போதும் சத்தம் உண்டுதான், ஆனால் போர் விமானம் கிளம்பும் முழக்கமே வேறு. பக்கத்து வீட்டுக்காரரிடம் "டிசம்பரில் எப்படி இருக்கும்?" என்று கேள். அவருக்கு அந்த வீட்டை விற்க வேண்டிய அவசியம் இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கென வெளியிட்ட வழிகாட்டுதலில், விமானச் சத்தம் நாள் சராசரியில் 45 டெசிபெலுக்குக் கீழேயும் இரவில் 40க்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்கிறது. சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். கால்மணி நேரத்தில் நாலு விமானம் போய், பிறகு மதியம் வரை அமைதி என்றால் கணக்கில் அது கரைந்துவிடும். கலைந்த தூக்கம் கலைந்ததுதான். 10 டெசிபெல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். சத்தம் அளக்கும் கைப்பேசிச் செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்காது என்றாலும், ஒரே கைப்பேசியை வைத்து இரண்டு வீடுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சன்னலையும் கவனி. இழுத்துத் தள்ளும் சன்னலில் எப்படியும் இடுக்கு இருக்கும். கீலில் திறந்து ரப்பரில் அழுந்தி மூடுவது மேல். நாங்கள் படுக்கையறைக்குக் கனமான கண்ணாடி போட்டோம், நன்றாகவே குறைந்தது. ஆனால் மூடினால்தானே பலன்? நம் ஊர் வெயிலில் பகல் முழுக்க மூடி வைத்தால் ஏர்கான் ஓடியே ஆகவேண்டும். பத்தாவது மாடிக் காற்று வேண்டும் என்றுதானே அந்த வீட்டைப் பிடித்தாய்?

தளம்தான் இடம் மாறப்போகிறதே என்பாய். 2013இல் அறிவித்தார்கள், 2030க்குப் பிறகு என்றார்கள். நல்ல செய்திதான்; தெங்கா, சாங்கி விமானத் தளங்களுக்குப் போகிறது. ஆனால் அதுவரை அந்த அறையில் தூங்கப்போவது தங்கச்சி.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனையில், வீட்டை நமக்கென நிறுத்திவைக்கக் கொடுக்கும் விருப்பத் தொகை அதிகபட்சம் 1,000 வெள்ளி, அதன்பின் முடிவெடுக்க 21 நாள். பணத்தைக் கொடுத்துவிட்டு அந்த 21 நாளில் சோதித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. கொடுப்பதற்கு முன்னாலேயே போ. வரும் செவ்வாய்க்கிழமை நான் விடுப்பு எடுத்திருக்கிறேன். ஒன்பது மணிக்குப் பொங்கோல் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நிற்கிறேன். உரிமையாளரிடம் சொல்லி ஏர்கானை அணைத்து, எல்லாச் சன்னலையும் திறந்து, பெரிய படுக்கையறையில் மதியம் வரை உட்காருவோம். இரவு வேலை முடிந்து வருகிற தங்கச்சியையும் அப்படியே அழைத்து வா, முடிந்தால் அங்கேயே கண்ணை மூடிப் படுத்துப் பார்க்கட்டும். அம்மா உங்களுக்கு இட்லி கட்டித் தருவதாகச் சொல்கிறார்.

அன்புடன்,
உன் ராகவன்