விற்பவர் தருகிறாராம் கமிஷன்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீடு வாங்குவோருக்கு யோசனை சொல்லி இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஒரு வரி: 'கமிஷனை விற்பவரே கொடுத்துவிடுவதால் வாங்குபவருக்கு இதில் எந்தச் செலவும் இல்லை.' சரி, போகட்டும் என்று விடத்தான் பார்த்தேன். முடியவில்லை.

விற்பவர் எந்தப் பணத்திலிருந்து கொடுக்கிறார் ஐயா? வாங்குகிறவர் கொண்டுவரும் பணத்தைத் தவிர அங்கே வேறு பணம் ஏது? என் பெற்றோரின் வீட்டை நாங்கள் விற்றபோது தரகரே சொல்லிக்கொடுத்தார். "ரெண்டு பர்சென்ட் எனக்கு. அதையும் சேர்த்தே விலை சொல்லுங்க, பார்ட்டி பேசினா பாத்துக்கலாம்." பார்ட்டி பேசினார். குறைந்ததெல்லாம் எங்கள் கைக்கு வர வேண்டிய பணம். தரகரின் இரண்டு சதவீதம் இரண்டு சதவீதமாகவே இருந்தது. பத்திரப் பதிவன்று, வாங்கிய வீட்டு அம்மாள் பேச்சுவாக்கில் என்னிடம், "உங்ககிட்ட ஒண்ணும் வாங்கலையாமே, எங்ககிட்ட மட்டும்தான் ரெண்டு பர்சென்ட்டாம்" என்றார். எங்களிடம் தரகர் சொல்லியிருந்ததும் இதேதான், ஆளை மட்டும் மாற்றி.

இரண்டு பக்கமும் வாங்குகிற இந்தச் சாமர்த்தியத்தை உங்கள் கட்டுரையாளர் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது. சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒரே பரிவர்த்தனையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே ஆள் தரகராக இருக்க முடியாது. ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல், விற்பவர் அமர்த்திய தரகரின் முழுக் கமிஷனையும் குடியிருக்க வீடு வாங்குகிறவர் தலையில் கட்ட முடியாது. விற்பவரும் பாதியாவது ஏற்க வேண்டும். அமெரிக்காவில் விற்பவர்களே வழக்குப் போட்டார்கள், வாங்குபவரின் தரகருக்கும் நாங்கள் ஏன் அழ வேண்டும் என்று. 2024-ல் தரகர் சங்கம் 41.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்த ஆகஸ்டிலிருந்து, வாங்க நினைப்பவர் ஒரு தரகரோடு வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே, அவருக்கு எவ்வளவு தருவது என்று எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் பத்திரிகையிலேயே வெளிநாட்டுச் செய்திகளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது.

இந்தியாவில் 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டப்படி முகவர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கட்டுரையில் போட்டிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் அது கட்டுநர்கள் பதிவு செய்து விற்கும் திட்டங்களில் இறங்கும் முகவர்களுக்குத்தான். ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை இன்னொருவருக்கு முடித்துக்கொடுக்கும் தரகரை அது தொடுவதில்லை. கமிஷன் எத்தனை சதவீதம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது.

அடுத்து, 'விலை கூடினால் தரகருக்கும் லாபம், அதனால் அவர் உங்களுக்காகப் போராடுவார்' என்று விற்பவர்களுக்கு வேறு ஓர் ஆறுதல். கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? இரண்டு மாதம் பொறுத்தால் ஐந்து சதவீதம் கூடக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரருக்கு அந்த ஐந்தும் லாபம். தரகருக்கு அந்த ஐந்தில் இரண்டு சதவீதம், அதாவது விலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்காக அவர் இரண்டு மாதம் அலைவாரா, இன்றே முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாரா? ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது மட்டும் சராசரியாக ஒன்பதரை நாள் கூடக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றிருக்கிறார்கள். நம் வீடென்றால், "இதுக்கு மேல போகாது சார்."

வாங்குபவரின் தரகர் கதை இன்னும் வேடிக்கை. விலை ஏற ஏற அவருக்குக் கூலி ஏறும். அவரிடம் போய், குறைத்துப் பேசுங்கள் என்று கேட்கிறோம்.

நிலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிலத்தில் ஒரு தரகரா இருக்கிறார்? சொன்னவர், அழைத்துவந்தவர், உரிமையாளரைத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர். என் அண்ணன் நிலம் வாங்கியபோது, முகமே பார்க்காத ஒருவருக்கும் பங்கு போயிற்று. இன்னொரு வகை, 'எனக்கு இவ்வளவு வந்தால் போதும்' என்று உரிமையாளர் சொன்னதற்கு மேல் வைத்து விற்று, வித்தியாசத்தைத் தானே எடுத்துக்கொள்வது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இதற்குத் தடை. இங்கே அது திறமை.

எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. வெயிலில் வீடு வீடாகக் காட்டி, கடைசியில் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று போனவர்களால் காலணா பார்க்காத தரகர்களும் எனக்குத் தெரியும். வாங்காமல் போன அத்தனை பேருக்கும் நடந்த கூலியை வாங்குகிற ஒருவரிடம் வசூலிக்கிற ஏற்பாடு இது. அதைத்தான் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தரகருக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. முதலில் வந்த பார்ட்டியே முடித்துவிட்டார். பிறகு பத்திரத்தில் எல்லை அளவு ஒன்று தவறாக இருக்கிறது என்று போன் செய்தால், அவர் எடுக்கவே இல்லை.

வாடகை வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதியபோதும் தரகு பற்றி விரிவாகக் கடிதம் போட்டேன். 'கட்டுரை அருமை' என்ற என் முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். எதிர்ப் பக்கத்தில் முழுப் பக்கத்துக்கு மனை விளம்பரம். தற்செயல்தான், நம்புகிறேன்.

நான் கேட்பது பெரிதில்லை. இந்தப் பகுதியில் எழுதுபவர் நிலம், வீடு தரகில் இருப்பவரானால், பெயருக்குக் கீழே அதையும் ஒரு வரி போடுங்கள். 'எந்தச் செலவும் இல்லை' என்ற அந்த வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். இந்தக் கடிதத்தைச் சுருக்குவதாக இருந்தால், இம்முறை பாராட்டு வரி எதுவும் எழுதவில்லை என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி